பொன் முனையில் சந்தனம்

அழகுமுத்துவின் வலது கை தெருவில் தனியாக விழுந்தபோது அதன் விரல்நுனியில் இருந்த சந்தனம் இன்னும் காயவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கையால் அவன் தன் அக்காவின் கேமராவுக்குப் பொட்டு வைத்தான். அன்று ஆயுத பூஜை. கோவில்பட்டியில் லேத் பட்டறை முதல் முடிவெட்டும் கடை வரை எல்லாரும் அவரவர் ஆயுதத்தைக் கழுவித் துடைத்து, அதற்கு நெற்றி எங்கே என்று தேடிக்கொண்டிருந்த நேரம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கும் அக்கா செண்பகவல்லிக்கு ஒரு வழக்கம் உண்டு. லென்ஸைக் கழற்றி, கேமராவுக்குப் பக்கத்தில் தனியாக வைப்பாள். இரண்டும் வேறு வேறு ஆயுதம், ஒரே பொட்டில் ஒப்பேற்றக் கூடாது என்பது அவள் கட்சி. வருஷா வருஷம் பொட்டு வைப்பது அவள்தான். இந்தத் தடவை தம்பி முந்திக்கொண்டான்.

“எக்கா, இதுக்கு எங்க வைக்கணும்?” என்று லென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பினான். கேமராவோடு பூட்டிக்கொள்ளும் உலோக விளிம்புக்குள் சின்னச் சின்னப் பொன் முனைகள் வரிசையாக மின்னின. “இந்தா, தங்கமா மின்னுதே. இங்கதான்.”

“ஏலே, அங்க வைக்காத! அது வழியாத்தான் லென்ஸும் கேமராவும் பேசிக்கிடும்!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டான். மேலே குங்குமம் வேறு. செண்பகவல்லி அவன் தலையில் ஒரு குட்டு குட்டினாள், முந்தானையால் முனைகளைத் துடைத்தாள், லென்ஸை மாட்டித் திருகினாள். சொடக்கென்று பூட்டிக்கொண்டது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

சூடம் வாங்க அழகுமுத்து வெளியே இறங்கினான். அப்போது வண்டி வந்து நின்றது.

இறங்கியவன் குலசேகரன். ஊருக்குத் தெற்கே கரிசல் காட்டையெல்லாம் வளைத்து சூரிய மின்தகடு பதிக்கிற ஒப்பந்தக்காரன். அவன் வளைத்த காட்டுக்கு நட்டநடுவே அழகுமுத்துவின் மூன்று ஏக்கர் கிடந்தது. தரமாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போய், போன வாரம்தான் அழகுமுத்து தடை உத்தரவு வாங்கியிருந்தான். குலசேகரன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பூஜைக்குக் கிளம்பியவன் போலத்தான் இருந்தான். கையில் அரிவாள். அதிலும் ஒரு பொட்டு.

ஆள் வைத்துச் செய்திருக்கலாம். கூட வந்த மூன்று பேரும் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் இரண்டு பேர் அழகுமுத்துவைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவன் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டான், குலசேகரன் தானே வெட்டினான். முதலில் கை. பிறகு கழுத்து. பிறகு கழுத்தே இன்னொரு தடவை. தெருவே பார்த்தது. பட்டப்பகல், தெருவுக்கு நான்கு கேமரா. அவனுக்கு ஒரு பயமும் இல்லை.

செண்பகவல்லி கதவை உதைத்தாள், கத்தினாள், ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் செய்ததை நினைத்து வாழ்நாள் முழுக்க அழப்போகிறாள்: கேமராவைத் தூக்கினாள். இருபது வருஷம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எடுத்த கை, அதுவாகவே போய்த் தூக்கியது.

மிரர்லெஸ் கேமரா என்ற பெயருக்கு ஏற்றபடி அதன் உள்ளே கண்ணாடி கிடையாது. ஆதி காலத்துக் கேமராவில் தெருவின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேரே நம் கண்ணுக்கு வந்துவிடும். இதில் அப்படி இல்லை. கண்ணை வைத்தால் தெரிவது தெரு அல்ல, உள்ளே இருக்கிற குட்டித் திரை. கேமரா எதைக் காட்டச் சம்மதிக்கிறதோ அதைத்தான் பார்க்க முடியும்.

அந்தத் திரையில் குலசேகரனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. மேலுதட்டு வேர்வைகூடத் தெரிந்தது. அவள் அழுத்தினாள்.

*

“முத்திரை இல்லையேம்மா” என்றார் இன்ஸ்பெக்டர் திலகராணி.

மேஜையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று தெருக்கேமரா எடுத்தது. ஓரத்தில் அரசாங்க முத்திரை பளிச்சென்று இருந்தது. அழகுமுத்து தெரிந்தான், அரிவாள் தெரிந்தது, வெள்ளைச் சட்டை தெரிந்தது. சட்டைக் காலருக்கு மேலே, சாம்பலைக் கரைத்து ஊற்றியது மாதிரி ஒரு வெறுமை. மற்றது செண்பகவல்லி எடுத்தது. முகம் முழுசாக இருந்தது. முத்திரை இல்லை.

“அவன் முகவிலக்கு வாங்கியிருக்கான். முறையான லென்ஸ் எது பாத்தாலும் அந்த முகத்த அழிச்சுட்டுத்தான் கேமராவுக்குள்ள விடும். ஒங்க லென்ஸ் மட்டும் எப்படி விட்டுச்சு?”

“சந்தனம் மேடம். தம்பி வச்சது. பேசுற முனை அடைச்சிருக்கும் போல, முகத்த அழிக்கச் சொல்லி லென்ஸுக்குச் சேதி போகல. லென்ஸ் இருக்குங்கறதே கேமராவுக்குத் தெரியல. வெறும் ஓட்டைன்னு நினைச்சுப் படம் எடுத்திருக்கு.”

“லென்ஸும் கேமராவும் கைகோத்தாத்தான் முத்திரை விழும். முத்திரை இல்லாத படம் கோர்ட்ல படமே இல்ல.”

“நான் கண்ணால பாத்தேன் மேடம். தெருவே பாத்துச்சு.”

“முத்திரையுள்ள படத்துல இல்லாதத, கண்சாட்சி மட்டும் சொன்னா நிக்காது. சட்டம் அப்படி.” திலகராணி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எங்க அக்கா மக மேல பொய்ப்படம் செஞ்சு விட்டானுக. பத்து பேரு நாங்க பாத்தோம்னு சாட்சி வேற சொன்னானுக. அந்தப் புள்ள கெணத்துல விழுந்துட்டா. இந்தச் சட்டம் வந்த அன்னிக்கு நான் ஸ்டேஷன் பூரா லட்டு கொடுத்தேன். இப்ப ஒங்க முன்னால இப்படி உக்காந்திருக்கேன். என்ன செய்யச் சொல்லுதீங்க?”

கோர்ட்டிலும் அதேதான் நடந்தது. அரசாங்கத்தின் படத்தில் ‘யாரோ ஒருவர்’ கொன்றிருந்தார். ஊருக்கே தெரிந்திருந்தாலும், யார் யார் முகவிலக்கு வாங்கியவர்கள் என்பது சட்டப்படி ரகசியம், கோர்ட்டில் அதைக் கேட்கவே கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, லென்ஸ் முனையில் சந்தனம் பூசியது அரசு முத்திரையில் செய்த திட்டமிட்ட குறுக்கீடு என்றார். செத்தவன் பேரிலேயே ஒரு வழக்கு போட முடியுமா என்றும் விசாரித்தார். நீதிபதி அந்த அளவுக்குப் போகவில்லை. செண்பகவல்லியை எச்சரித்து அனுப்பிவிட்டார். தம்பியைப் பறிகொடுத்தவளுக்கு எச்சரிக்கை! அவள் படியிறங்கும்போது குலசேகரனும் இறங்கினான். நின்று அவளுக்கு வழிவிட்டான்.

*

பக்கத்துக் கடை சூசைமிக்கேல் லென்ஸ் ரிப்பேர் பார்த்தவர். இப்போது ரிப்பேர் பார்க்க எதுவும் இல்லை. உடைந்தால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவருடைய கடைப் பரண் நிறையப் பழைய லென்ஸ்கள் கண்ணை மூடிக் கிடந்தன.

“ஒரு காலத்துல இந்த லென்ஸ் அந்தக் கேமராவுல மாட்டாது, அந்த லென்ஸ் இதுல மாட்டாது” என்றார் சூசை. “கம்பெனிக்கு ஒரு மவுண்ட், அதான் லென்ஸப் பூட்டுற வாய். நடுவுல போட ஒரு அடாப்டர் வளையம். அதுல ஆயிரம் தகராறு. அப்புறம் எல்லா கம்பெனிக்காரனும் ஒண்ணாச் சேந்து, ஒலகத்துக்கே ஒரே மவுண்ட், எது வேணும்னாலும் எதுல வேணும்னாலும் மாட்டிக்கோங்கன்னான். ஊர் ஊரா வெடி போட்டோம் தாயி. நானும் போட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுன்னா சாவி ஒருத்தன் கையிலதான இருக்கும், அது அன்னிக்கு மண்டையில ஏறல.”

“சூசையண்ணே, முகவிலக்கு யாரு வேணும்னாலும் வாங்கலாமா?”

“துட்டு இருந்தா வாங்கலாம். குலசேகரனே தனக்கு மட்டுந்தான் வாங்கியிருக்கான். பொண்டாட்டிக்கு எதுக்குன்னு விட்டுட்டான். அவன் முகந்தான் படத்துல விழாதே, அவனுக்குப் பதிலா அவ படந்தான் எல்லாக் கட்சி போஸ்டர்லயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குதே.” சூசை அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஏன் கேக்குத?”

அவள் எழுந்து கிளம்பினாள். மறுநாள் குலசேகரனின் ஆபீஸுக்குப் போனாள்.

தம்பியின் நிலத்துக்கு அவள்தான் வாரிசு. எந்த மூன்று ஏக்கரைத் தரமாட்டேன் என்று அவன் செத்தானோ, அதை அவனை வெட்டியவனுக்கே எழுதிக் கொடுத்தாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். தம்பி மேலே எங்கேயாவது இருந்தால் காறித் துப்புவான் என்று அவளுக்குத் தெரியும்.

“இத அன்னிக்கே செஞ்சிருக்கலாம்லா” என்றான் குலசேகரன். அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்த வருத்தம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பணம் அப்படியே மதுரையில் முகவிலக்கு ஆபீஸின் ஏசி அறைக்குப் போனது. அங்கே ஒரு பெண் அவள் முகத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி அளந்துகொண்டாள்.

“ஒருமுறை விலக்கினா திருப்பிச் சேர்க்க முடியாது மேடம். பழைய படங்கள்ல இருந்தும் போயிடும். சம்மதம்தானே?”

“சம்மதம்.”

ஊருக்குத் திரும்பி ஸ்டுடியோ கதவைத் திறந்தாள். சுவர்த் திரையில் தம்பியின் படம் மாலையோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் கல்யாண வீடு ஒன்றில் அக்காவின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற படம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கை ஒரு சேலையின் தோளில் கிடந்தது. சேலைக்கு மேலே சாம்பல். செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டே அழுதாள்.

*

அடுத்த ஆயுத பூஜை வந்தது.

குலசேகரனின் யார்டில் ஜேசிபிகளும் லாரிகளும் மாலை போட்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் குங்குமம் அடைத்த பூசணிக்காய். செண்பகவல்லி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். கையில் தாம்பாளம், அதில் பூ, பழம், வெற்றிலை. அடியில் அரிவாள். காலையிலேயே அதற்கு ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

கேட்டில் இருந்த காவலாளி அவளைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தான். திரையில் பட்டுச்சேலை, தாம்பாளம், மேலே முகமில்லாத வெறுமை. அவன் பதறி எழுந்து சல்யூட் அடித்தான். முகம் இல்லாதவர்கள் என்றால் பெரிய இடம். அவர்களை யாரென்று கேட்டு வேலை இழந்த காவலாளிகள் நிறையப் பேர். கேட்டை அகலமாகத் திறந்தான்.

உள்ளே குலசேகரனின் மனைவி கோமதி பூஜையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. திரையில் முகமில்லாத ஒருத்தி வருவதைப் பார்த்ததும், “வாங்க வாங்க, அவங்க அங்கதான் இருக்காங்க” என்று மரியாதையாக நகர்ந்து வழிவிட்டாள்.

குலசேகரன் கடைசிப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். இரண்டு கையும் மேலே இருந்தன. அவளைப் பார்த்தான். நிலத்தை எழுதிக் கொடுத்தவள் தட்டோடு வந்திருக்கிறாள் என்று சிரிக்கக்கூடத் தொடங்கினான். தாம்பாளம் விழுந்தது. அவள் கழுத்தில்தான் வெட்டினாள். பூசணிக்காய் அவன் தலையிலேயே விழுந்து உடைந்தது. அவன் முழங்காலிட்டான். அவள் இன்னொரு தடவை வெட்டினாள். அது போதும் என்று தெரிந்த பிறகும் மூன்றாவது தடவை வெட்டினாள். குங்குமத் தண்ணீர் எது, அவன் ரத்தம் எது என்று பிரிக்க முடியாமல் மண்ணெல்லாம் ஓடியது. ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முகமில்லாதவர்கள் மேல் கைவைக்க அவர்களைப் பழக்கவில்லை.

திரும்பினாள். கோமதி கேமராவைக் கீழே இறக்கியிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். கோமதியின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இதே மாதிரித் திறந்த வாயைத்தான் போன வருஷம் கண்ணாடிக் கதவில் தன் பிம்பத்தில் பார்த்தது என்று செண்பகவல்லிக்கு நினைவு வந்தது. அவள் வேகமாக நடந்து கேட்டைத் தாண்டினாள். காவலாளி மறுபடியும் சல்யூட் அடித்தான்.

*

திலகராணி ஸ்டுடியோவுக்கு வந்தார். கொடுத்த காபியைக் குடித்தார்.

“எல்லாப் படத்துலயும் முத்திரை இருக்கு. ஒண்ணுலயும் முகம் இல்ல. கோமதியம்மா ஒங்க பேரத்தான் சொல்லுதாங்க. தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லுதாங்க.”

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள்.

“கண்சாட்சி மட்டும் நிக்காதுன்னு அவங்களுக்கும் சொல்லிட்டேன்” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒங்ககிட்டச் சொன்ன அதே நாற்காலியில உக்கார வச்சு.” டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். “வெட்டுனதுக்கப்புறம் ஒங்களுக்குத் தூக்கம் வருதா?”

“இல்ல மேடம்.”

“எனக்கும் வரல.”

பழிவாங்கினால் ஆறும் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். செண்பகவல்லிக்கு ஒன்றும் ஆறவில்லை. கல்யாண வீடுகளில் படம் எடுத்தாள். திரையில் மணப்பெண்கள் சிரிக்கும்போதெல்லாம் திறந்த வாயோடு ஒருத்தி வந்து நின்றாள்.

தை மாதத்தில் ஒரு காலை, கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ஒருத்தியே வந்தாள். வெளிர் நிறக் காட்டன் சேலை, கையில் ஒரு கட்டைப்பை. போஸ்டரில் பார்த்த உடம்பில் பாதிதான் இருந்தது.

“ஒரு போட்டோ எடுக்கணும்” என்றாள் கோமதி.

“உக்காருங்க.”

கோமதி ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிடியை இரண்டு கையாலும் இறுக்கினாள். செண்பகவல்லி விளக்கைப் போட்டாள். கேமராவைத் தூக்கிக் கண்ணை வைத்தாள்.

திரையில் நீலத் திரைச்சீலை இருந்தது. காட்டன் சேலை இருந்தது, கட்டைப்பை இருந்தது. காலர் எலும்புக்கு மேலே சாம்பல் நிற வெறுமை.

செண்பகவல்லிக்குப் புரிந்தது. பையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. கேமராவை மெதுவாக இறக்கினாள். எதிரே முகம் இருந்தது, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு.

“எதை வித்தீங்க?”

“அந்த யார்ட.” கோமதியின் குரல் உடைந்தது. “ஒங்க தம்பி எடத்தையும் சேத்து.”

கதவு கோமதிக்குப் பின்னால் இருந்தது. ஓடலாம். கத்தினால் சூசையண்ணன் வருவார். செண்பகவல்லி யோசித்துப் பார்த்தாள். ஓடி எங்கே போவது? வெட்டுகிறவள் யார் என்று அவர் கண்ணுக்குத்தான் தெரியும், எந்தக் கேமராவுக்கும் தெரியாது. சூசையண்ணனும் குறுக்கே விழுந்து வெட்டுப்பட்டால் அதை யார் படம் எடுப்பார்கள்? அவளுக்குச் சோர்வாக இருந்தது.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

லென்ஸைத் திருகிக் கழற்றினாள். தம்பியின் படத்துக்கு முன்னால் காலையில் குழைத்த சந்தனம் கிண்ணத்தில் இருந்தது. விரலால் தொட்டு, பொன் முனைகளின் மேல் அழுத்தி வைத்தாள். தம்பி வைத்த அதே இடத்தில், அவன் வைத்த மாதிரியே தாராளமாக. லென்ஸை மாட்டினாள். சொடக்கென்று பூட்டிக்கொண்டது.

“என்ன செய்யுதீங்க?” என்றாள் கோமதி.

“என் தம்பிய வெட்டுனவர் முகத்த நான் பாத்தேன். ஒங்க வீட்டுக்காரர் என் முகத்தப் பாத்தார். ஒங்க முகமும் ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்.” கண்ணை வைத்தாள். “முத்திரை விழாது. பயப்படாதீங்க, எதுக்கும் ஆகாத படம்.”

திரையில் கோமதி வந்தாள். ஓரங்கள் கலங்கியிருந்தன. கேமராவோடு பேசாத லென்ஸ் தானாகக் குவியாது என்பதால், செண்பகவல்லி ஸ்டூலை அரையடி முன்னால் போடச் சொன்னாள். கோமதி ஏனோ மறுக்காமல் போட்டு உட்கார்ந்தாள். இப்போது முகம் தெளிந்தது. பல்லைக் கடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. கை பைக்குள்ளே போயிருந்தது.

“கொஞ்சம் நிமிந்து பாருங்க” என்றாள் செண்பகவல்லி, எல்லாரிடமும் சொல்வது போல.

கோமதி நிமிர்ந்தாள். சத்தமே இல்லாமல் படம் விழுந்தது.